அடுப்படிக் குப்பையும் அவரைப் பந்தலும்

குப்பை வண்டி வரும் நாளில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும், வீட்டுக்கு வீடு வாசலில் வாய் கட்டிய பிளாஸ்டிக் பைகள் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். வண்டிக்கு முன்னால் நாய் வந்துவிட்டால் பை கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் தெருவுக்கு வந்துவிடும். என்ன வருகிறது என்று சற்று உற்றுப் பாருங்கள், சகோதரிகளே. வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு, தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, சாமி படத்திலிருந்து எடுத்த வாடிய பூ. இவற்றோடு முதல் நாள் சோறும் கறியும் சேர்ந்து, நீர் வடிந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் மூக்கைப் பிடிக்க வைக்கும்.

இது நம் தெருவின் கதை மட்டும் அன்று. தேசியத் திடக்கழிவு நிர்வாகத் துறை 2012-ஆம் ஆண்டில் நம் நாட்டில் எடுத்த ஆய்வில், வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவே என்று தெரியவந்தது. பத்துக் கிலோ குப்பை வீசினால் அதில் ஏறக்குறைய நாலரைக் கிலோ அடுப்படியிலிருந்து போவது என்று பொருள்.

அந்த நாலரைக் கிலோவைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். அதைக் குப்பை என்று சொன்னால் என் மாமியார் ஒப்பமாட்டார். “அது மண்ணு திங்க வேண்டிய சோறு, பிள்ளை. பையில கட்டி வச்சா நாறத்தான் செய்யும்” என்பார். அவர் சொல்லில் உள்ள உண்மையை நான் புரிந்துகொண்ட விதத்தையும், அதனால் எங்கள் வீட்டுப் பின்கட்டில் விளைந்த நன்மையையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஊரான் குப்பை

நாங்கள் இருப்பது ஜெஞ்சாரோம். சிலாங்கூரில் கோலலங்காட் மாவட்டத்தில், கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில் உள்ள சிற்றூர். சுற்றிலும் செம்பனை. சீனப் பெருநாள் காலத்தில் விளக்குகளால் ஜொலிக்கும் தோங் ஸென் புத்த ஆலயத்தைப் பார்க்க வெளியூர் மக்கள் கூட்டமாக வருவார்கள். மற்ற நாட்களில் எங்கள் ஊர் தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு இருக்கும்.

2018-ஆம் ஆண்டில் எங்கள் ஊரின் பெயர் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் அடிபட்டது. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு ஜனவரியில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதைச் சீனா நிறுத்திவிட்டது. அங்கே போய்க்கொண்டிருந்த கப்பல்கள் வேறு துறைமுகங்களைத் தேடின. ஜனவரி முதல் ஜூலை வரை ஏழே மாதத்தில் 754,000 டன் பிளாஸ்டிக் கழிவு மலேசியாவுக்குள் வந்து இறங்கியதாகக் கிரீன்பீஸ் அமைப்பு கணக்குக் காட்டியது. கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில் இருப்பதால் எங்கள் மாவட்டத்தில், செம்பனைகளுக்கு நடுவே, அனுமதியில்லாத ஆலைகள் பல முளைத்தன. உருக்கி விற்க முடிந்ததை உருக்கினார்கள். முடியாததைக் குவித்தார்கள், இரவில் எரித்தார்கள்.

அந்த நாற்றத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நள்ளிரவில் வரும். தொண்டை கரகரக்கும், கண் எரியும். என் இளைய மகனுக்கு இருமல் வந்தால் விடிய விடிய நிற்காது. ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி செருகிப் படுத்த இரவுகள் பல. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பெரும்பாலும் சீனர்களான அவர்கள் சங்கமாகக் கூடினார்கள். ஆலைகளைத் தேடிப் படம் எடுத்தார்கள். மனு மேல் மனு எழுதினார்கள். எங்கள் மாவட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. 2019 மே மாதத்தில், கலப்படமான பிளாஸ்டிக் கழிவைக் கேட்காமல் பிற நாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று பாசல் உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்தன. 2020 ஜனவரியில், அதுவரை 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவு 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டதாக நம் அரசாங்கம் அறிவித்தது.

தொலைக்காட்சியில் அச்செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், தேயிலைச் சக்கையைப் பிளாஸ்டிக் பையில் கொட்டப் போன என்னைப் பார்த்து, “ஊரான் குப்பைய வெரட்டியாச்சு, சரி. நம்ம குப்பைய எங்க வெரட்டறது?” என்று கேட்டார். கேள்வி சிறிது. பதில் சொல்வதற்கு நான் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருந்தது.

நம் குப்பை எங்கே போகிறது?

வண்டி ஏறிய குப்பை மறைந்து போவதில்லை. குப்பை புதைக்கும் நிலத்துக்குப் போகிறது. எங்கள் மாவட்டத்திலேயே தஞ்சோங் டுவா பெலாஸ் என்னுமிடத்தில் அப்படி ஒரு நிலம் இருக்கிறது. அங்கே குப்பையைக் கொட்டி, இயந்திரத்தால் நெருக்கி, மேலே மண் போட்டு மூடுகிறார்கள்.

வாழைப்பழத் தோல்தானே, மண்ணுக்குள் போனால் மண்ணாகிவிடாதா என்று தோன்றும். காற்றுப் படும் இடத்தில் கிடந்தால் ஆகும். ஆழத்தில் நெருக்கப்பட்ட குப்பைக்குள் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட இது நூறாண்டுக் கணக்கில் சுமார் 28 மடங்கு வலியது. ஈரக் குப்பையிலிருந்து வடியும் கறுப்பு நீரைப் பிடித்துச் சுத்தப்படுத்தாவிட்டால் ஆற்றையும் கெடுக்கும். கட்டிய பை இரண்டே நாளில் நாறுவதற்கும் இதே காற்றில்லாக் குறைதான் காரணம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டுப் பிளாஸ்டிக்கை ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டபோது மறுசுழற்சித் தொழில் செய்வோர் சொன்ன காரணங்களில் ஒன்று, உள்நாட்டுக் குப்பை அழுக்காக இருக்கிறது என்பது. குழம்பும் சோறும் அப்பிய பிளாஸ்டிக்கைக் கழுவி எடுப்பது செலவு. நனைந்த காகிதம் எதற்கும் ஆகாது. ஆக, அடுப்படி ஈரத்தை மற்றக் குப்பையிலிருந்து பிரித்துவிட்டாலே, மிச்சமுள்ள போத்தல், தகரம், காகிதம் எல்லாம் விலைபோகும் பொருளாகிவிடும். கடல் தாண்டி வரும் கொள்கலனை நிறுத்தும் சக்தி என்னைப் போன்ற ஒரு குடும்பப் பெண்ணுக்கு இல்லை. வெங்காயத் தோலை எதில் போடுவது என்பது என் கையில்தான் இருக்கிறது.

தோட்டத்தில் கற்ற பாடம்

மாமியார் பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் வெட்டியவர், ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உதிர்ந்த பழம் பொறுக்கியவர். தோட்டத்து நிலம் வீடமைப்புக்கு விலைபோனதும், லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு எங்களோடு தாமான் வீட்டுக்கு வந்தார். நானோ கிள்ளான் பட்டணத்துப் பெண். எங்கள் பின்கட்டில் எட்டடி அகலச் சிமெண்டுத் தரையும், சுவரோரம் ஒரு முழம் மண்ணும் உண்டு. அந்த மண்ணும் வீடு கட்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன செம்மண்ணும் செங்கல் துண்டும்தான். அதில் புல்கூடச் சரியாக முளைக்காது.

தோட்டத்தில் பாலும் தேனும் ஓடியது என்று மாமியார் சொன்னதில்லை. அடைத்துக்கொண்ட கால்வாயும் ஈயும் கொசுவும் அங்கேயும் இருந்தன. ஆனால் லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் மரவள்ளியும் கத்தரியும் முருங்கையும் இருந்தன. அடுப்படியில் மிஞ்சியதில் பாதி கோழிக்கும் மாட்டுக்கும் போகும். மீதி, சாணத்தோடும் சாம்பலோடும் குப்பைக்குழிக்குப் போகும். மழைக்காலம் முடிந்து தோண்டினால் கறுகறுவென்று எரு. அதை யாரும் பாடம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணால் பார்த்துக் கற்றதுதான்.

தோட்டத்தில் வேலை செய்கிற சகோதர சகோதரிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. செம்பனையில் வெட்டிய மட்டைகளை ஆலைக்கா அனுப்புகிறார்கள்? மரவரிசைக்கு நடுவே அடுக்கி அங்கேயே மட்க விடுகிறார்கள். ஆலையில் 100 டன் பழக்குலை அரைத்தால் ஏறக்குறைய 22 டன் வெறுங்குலை மிஞ்சுகிறது. அதையும் லாரியில் ஏற்றித் திரும்பத் தோட்டத்துக்கே கொண்டுவந்து மரத்தடியில் பரப்புகிறார்கள். பெரிய கம்பெனிகள் கழிவைக் காசாகப் பார்க்கும்போது, நாம் மட்டும் ஏன் பையில் கட்டி வீசவேண்டும்?

உழுவதைக் காட்டிலும் எரு இடுவது மேல் என்பது வள்ளுவர் காலத்துக் கருத்து. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தியாவில் இந்தூர் நகரத்தில் ஆராய்ச்சி செய்து, செடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு, புரட்டிவிட்டு, மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். இந்தூர் முறை என்று அதற்குப் பெயர். இந்திய உழவர்களிடம் தாம் நிறையக் கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த அடுக்கு முறையைத்தான் நாங்கள் ஒரு சாயத் தகர அளவுக்குச் சுருக்கிக்கொண்டோம்.

ஒரு வாளி போதும்

இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்று, மூடியோடு வேண்டும். சுவருக்குச் சாயம் அடிப்பவர்களிடம் காலி வாளி கிடைக்கும்; நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். அடியிலும் பக்கத்திலும் பென்சில் பருமனில், இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போடுங்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்தினால் எளிது. அதை ஆண்பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள். வாளியை இரண்டு செங்கல்லின்மேல் நிழலில் வையுங்கள். மழைத் தாரை படக்கூடாது.

அடியில் மூன்று அங்குலத்துக்குத் தேங்காய் நாரும் சுள்ளியும் போடுங்கள். அதன்மேல் இரண்டு கைப்பிடி தோட்டத்து மண். எருவாக்கும் நுண்ணுயிர்கள் அந்த மண்ணில்தான் இருக்கின்றன. கடையில் எந்த மருந்தும் வாங்க வேண்டாம்.

இனி அன்றாட வேலை. சமையல் முடிந்ததும் தோல், தண்டுகளை இரண்டு விரற்கடை அளவில் நறுக்கி, நீரை வடித்துப் போடுங்கள். ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் காய்ந்த பொருள் மேலே போடவேண்டும். காய்ந்த சருகு, மரத்தூள், கிழித்த பத்திரிகைத் தாள், முட்டை அட்டை, எது கிடைத்தாலும் சரி. பளபளப்பான வண்ணத் தாள் வேண்டாம். ஈரக் கழிவு நுண்ணுயிருக்குக் கறி போல; காய்ந்தது சோறு போல. கறியை மட்டும் தின்றால் நமக்கே வயிறு கெடும் அல்லவா?

மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள். காற்று உள்ளே போகும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்து உதறிய துணிபோல் ஈரம் இருக்கவேண்டும். நீர் சொட்டினால் சருகு சேருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அரிசி கழுவிய நீரைத் தெளியுங்கள்.

நான்கைந்து பேர் உள்ள வீட்டில் வாளி மூன்று நான்கு வாரத்தில் நிறையும். நிறைந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த வாளியைத் தொடங்குங்கள். ஒதுக்கியதை வாரம் ஒருமுறை கிளறினால் போதும். நம் நாட்டு வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் மட்கிவிடும். நிறைய இருந்தது மூன்றில் ஒரு பங்காக வற்றியிருக்கும். மூன்று வாளி இருந்தால் ஆண்டு முழுவதும் சுழற்சி நிற்காது.

எது ஆகும், எது ஆகாது

காய்கறித் தோல், பழத்தோல், கீரைத் தண்டு, தேயிலை, காப்பிச் சக்கை, வாழையிலை, பாண்டான் இலை, பூ ஆகியவற்றைத் தாராளமாகப் போடலாம். மாலையென்றால் நூலை உருவிவிடுங்கள். தேயிலைப் பொட்டலமென்றால் பிரித்துச் சக்கையை மட்டும் கொட்டுங்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். அது மட்கத் தாமதமாகும். தேங்காய்ச் சக்கையில் எண்ணெய்ப் பசை உண்டு. ஆகவே கொஞ்சமாக, நிறையச் சருகோடு சேருங்கள். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலும் அளவோடு இருக்கட்டும்.

மீன் குடல், கோழி எலும்பு, இறைச்சி, பால், எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றைச் சிறு வாளியில் போடவே கூடாது. நாற்றம் வரும், எலி வரும். நாய், பூனை மலமும், நோய் பிடித்த செடியும் வேண்டாம். சோறு மிஞ்சினால் கோழி வளர்ப்பவருக்குக் கொடுங்கள். அதைவிட நல்லது அளவாக வடிப்பது. சுண்ணாம்பு தூவும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் எருவில் உள்ள தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

அண்டை வீட்டார் கேட்ட கேள்வி

நாங்கள் வாளி வைத்த முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் வேலியோரம் வந்து நின்றார். முகம் சரியில்லை. புகையிலும் நாற்றத்திலும் பட்ட பாட்டுக்குப் பிறகு, இன்னொரு நாற்றத்தை அவர் எப்படிப் பொறுப்பார்? எலி வரும், எலிச் சிறுநீரால் காய்ச்சல் வரும் என்று அவருக்குப் பயம். பயம் நியாயமானதே, அந்தக் காய்ச்சல் உயிரையே வாங்கக்கூடியது.

மாமியார் வாதாடவில்லை. தமக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், வாருங்கள் என்று கூப்பிட்டு, மூடியைத் திறந்து, குனிந்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். அந்த அம்மாள் தயங்கித் தயங்கிக் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, “தக் பாவ் லா!” என்றார். நாற்றமே இல்லையே என்று அர்த்தம். மழை பெய்த மண்ணின் வாசம்தான் இருந்தது. மறு சீனப் பெருநாளுக்கு ஒரு பை நிறைய ஆரஞ்சுத் தோலைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமியார் அதைப் பொடியாக நறுக்கிக் காயவைத்து, ஒரு மாதத்துக்குக் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டார்.

தாமானில் இருப்பவர்கள் அண்டை வீட்டார் மனம் கோணாமல் செய்யவேண்டிய வேலை இது. ஆகவே இந்தச் சில குறிப்புகளை மனத்தில் வையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்து காற்று குறைந்துவிட்டது. சருகு போட்டுக் கிளறுங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் பச்சைக் கழிவு அதிகம், காய்ந்ததைச் சேருங்கள். சிறு ஈக்கள் மொய்த்தால் மேலே இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த மண்ணோ மரத்தூளோ மூடுங்கள். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது என்று பொருள், நீர் தெளியுங்கள்.

வாளிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் நீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய நீர் ஒரு மூடி அளவு போதும். டிங்கியின் கொடுமை நமக்குத் தெரியும். கொசு முட்டையிட இடம் கொடுத்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

இன்னொரு விஷயம், செம்பனை ஊர்களுக்கே உரியது. கொம்பு வண்டு என்கிறோமே, காண்டாமிருக வண்டு, அது மட்கும் குப்பையில் முட்டையிடும். பெருவிரல் பருமனில், வில்லாய் வளைந்த வெள்ளைப் புழு தென்பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். விட்டுவிட்டால் வண்டாகித் தென்னையின் குருத்தையும் இளஞ்செம்பனையின் குருத்தையும் துளைக்கும். மூடியும் கிளறலும் இருந்தால் பெரும்பாலும் வராது.

நிலம் உள்ளவர்க்கும் மாடி வீட்டார்க்கும்

இன்னும் தோட்டத்திலோ கம்பத்திலோ நிலத்தோடு இருப்பவர்களுக்கு வாளியே தேவையில்லை. வாழைக்கு இரண்டடி தள்ளி, ஓரடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். நாள்தோறும் கழிவைப் போட்டு, மேலே நான்கு விரல் மண் மூடுங்கள். குழி நிறைந்ததும் மரத்துக்கு மறுபக்கம் அடுத்த குழி. வாழை தன் சாப்பாட்டைத் தானே தேடி வேரை நீட்டிக்கொள்ளும். மழையில் நீர் நிற்கும் பள்ளமான இடத்தில் மட்டும் குழி வெட்டாதீர்கள். குழி எடுத்த இடத்தில் குப்பையை எரிக்கவும் வேண்டாம். குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதை நம் சட்டம் தடுக்கிறது. எரிப்பதால் மண்ணுக்குப் போகவேண்டிய சத்தும் புகையாகிவிடுகிறது.

அடுக்கு மாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. ஜப்பானின் கித்தாகியூஷு நகரமும் இந்தோனேசியாவின் சுராபாயா நகரமும் 2004-இல் சேர்ந்து செய்த முயற்சியில், கோஜி தக்காகுரா என்பவர் ஒரு கூடை முறையைக் கண்டார். சலவைத் துணி போடும் துளைக்கூடை ஒன்று, உள்ளே அட்டை. தாப்பாய், தெம்பே போன்ற வீட்டுப் புளிப்புப் பண்டங்களைச் சர்க்கரை நீரில் சில நாள் ஊறவைத்து, அந்த நீரை உமியும் தவிடும் கலந்து பிசறி மூடிவைத்தால் சூடேறும். சூடு ஏறிய அந்தக் கலவையைக் கூடையில் நிரப்பி, அன்றன்றைய கழிவைப் பொடியாக நறுக்கி நடுவில் புதைத்துக் கிளறிவிட வேண்டும். காய்கறிக் கழிவு சில நாளிலேயே அடையாளம் தெரியாமல் போய்விடும். சமையற்கட்டு மூலையிலேயே வைத்துக்கொள்ளலாம். உமிக்கு நெல் விளையும் தஞ்சோங் காராங், சிகிஞ்சான் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.

எரு பழுத்ததா என்று எப்படி அறிவது?

கையில் எடுத்தால் கறுப்பாக, உதிரியாக இருக்கவேண்டும். எது தோல், எது தண்டு என்று தெரியக்கூடாது. ஒரு பிடியை நனைத்து, பையில் இரண்டு நாள் கட்டி வைத்துத் திறந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் இன்னும் பழுக்கவில்லை. எருவில் நாலு பச்சைப்பயறு ஊன்றினால் நன்றாக முளைக்கவேண்டும். பழுக்காத எருவை வேரோரம் போட்டால் செடி வாடிவிடும். அவசரம் கூடாது.

பூத்தொட்டிக்கு மூன்று பங்கு மண்ணோடு ஒரு பங்கு எரு கலக்கலாம். வளரும் செடிக்கு மாதம் இரண்டு கைப்பிடி போட்டு மண்ணால் மூடுங்கள். மூட்டையில் வரும் ரசாயன உரத்தைப் போல ஒரே வாரத்தில் பச்சை காட்டாது. இதில் சத்து குறைவு, மெதுவாகத்தான் கொடுக்கும். ஆனால் மண்ணையே மாற்றிவிடும். இறுகிய செம்மண் பொலபொலவென்று ஆகும். நீரைப் பிடித்து வைக்கும். மண்புழு தானாக வரும். மூட்டை உரம் அந்த வேலையைச் செய்யாது.

எங்கள் பின்கட்டுச் சுவரோரத்து ஒரு முழ மண்ணில், முதல் வருடம் தண்டுக்கீரைதான் வந்தது. அடுத்த வருடம் மிளகாயும் கத்தரியும். அதற்கு அடுத்து, மாமியார் தம் தோட்டத்துச் சிநேகிதி கொடுத்த விதையை ஊன்றி, பழைய கம்பிகளில் கயிறு கட்டி, அவரைப் பந்தல் போட்டார். மாதச் செலவில் மிச்சம் பெரிய தொகை என்று சொல்லமாட்டேன். கீரைக்கும் மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் கடைக்கு ஓடுவது நின்றது. குப்பைப் பை வாரத்துக்கு நான்கு போனது இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டும் நாறுவதில்லை.

என் மனத்துக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. தோட்டத்தை விட்டு வந்த நாளிலிருந்து மாமியார் பெரும்பாலும் வாசல் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். காலை நான்கரைக்கே எழுந்து பழகிய உடம்பு. எழுந்து செய்ய வேலை இல்லை. ஐம்பது வருடம் மண்ணில் உழைத்த கைக்குச் சிமெண்டுத் தரையில் என்ன இருக்கிறது? என்னிடம் சொல்ல மாட்டார்; என் கணவரிடம், “சும்மா திங்கிற சோறு தொண்டையில எறங்கல தம்பி” என்று சொன்னது என் காதில் விழுந்தது. இன்று தெருவில் ஆறு வீட்டுப் பெண்கள் வாளி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் என்றால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். மூடியைத் திறந்து, ஒரு பிடி எடுத்துப் பிழிந்து, “இன்னும் கொஞ்சம் சருகு போடு, ஆயி” என்று சொல்லிவிட்டு வருவார். சருகு கொடுப்பது எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாள்.

நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் மாடி வீட்டுக்கும் வந்துவிட்டன. நிலம் போனது போனதுதான். நம் பெரியவர்கள் அறிந்த வேலையும் அதோடு சேர்ந்து போய்விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் வீட்டிலும் வாசல் நாற்காலியில் ஒரு பாட்டியோ தாத்தாவோ உட்கார்ந்திருக்கலாம். இந்த வாரமே ஒரு வாளியைக் கழுவி, துளை போட்டு, அவர் முன்னால் வைத்து, தோட்டத்தில் எரு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்.

என் கணவரின் தங்கை மகன் சென்ற ஆண்டு பூச்சோங்கில் மாடி வீடு வாங்கினான். பால் காய்ச்சும் நாளில் எல்லோரும் பரிசுப் பொருள்களோடு போனோம். மாமியார் மட்டும் ஒரு சிறிய வாளியில் பழுத்த எரு இரண்டு கிலோ கொண்டுபோனார். புது வாளியில் முதல் அடுக்கின்மேல் பழைய எரு ஒரு பிடி போட்டால், மோருக்கு உறை ஊற்றியது போல வேலை சீக்கிரம் பிடிக்கும். பேரனின் மனைவி அதை வாங்கி, பால் பொங்கிய அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.